செயலாளரின் மேசையும் சுவடி அறையும்

கலைகளின் பெயரில் நடக்கும் சொற்பொழிவுகளில் பாடியவர், ஆடியவர், வாசித்தவர் ஆகியோரைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசுகிறோம். அது நியாயமும்கூட. ஆனால் ஏட்டைத் தேடி எடுத்து அச்சுக்குக் கொடுத்தவர், கலைஞருக்குக் கடிதம் எழுதி வரவழைத்தவர், பேசியதைப் பதிவு செய்து வைத்தவர் என்று இன்னொரு வரிசை உண்டு. விழா மலரின் கடைசிப் பக்கத்து நன்றியுரையோடு அவர்கள் பெயர் முடிந்துவிடும். அந்த வரிசையில் முதலிடம் பெற வேண்டியவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அவர் டாக்டர் வே. ராகவன்.

1908-இல் திருவாரூரில் பிறந்தவர். சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த அதே ஊர். சென்னையில் மகாமகோபாத்தியாய குப்புசாமி சாஸ்திரியிடம் பயின்றார். பின்னர் சென்னைப் பல்கலைக்கழக சமஸ்கிருதத் துறையில் சேர்ந்து, 1955 முதல் 1968 வரை அதன் தலைவராக இருந்தார். 1944-இல் மியூசிக் அகாதமியின் செயலாளரானார். 1979 ஏப்ரலில் மறையும்வரை அந்தப் பொறுப்பை விடவில்லை. பத்ம பூஷண் 1962-இல், சாகித்திய அகாதமி விருது 1966-இல் கிடைத்தன.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பேராசிரியர் என்று ஒரு பத்தி, சபா செயலாளர் என்று ஒரு பத்தி எழுதி, இரண்டையும் ஒருவரே எப்படிச் செய்தார் என்று வியந்து முடிப்பார்கள். எனக்கு அந்த வியப்பு இல்லை. அவர் இரண்டு வேலை செய்யவில்லை, ஒரே வேலையைத்தான் செய்தார். சுவடி அறையில் கண்டதற்கு மேடையில் சாட்சி தேடினார். மேடையில் கேட்டதற்குச் சுவடியில் வேர் தேடினார். நிர்வாகம் என்பது அவருக்கு இந்தத் தேடலுக்கான கருவி. இன்று நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

தொடக்கத்திலிருந்தே பாருங்கள். 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதை ஒட்டி ஒரு சங்கீத மாநாடு நடந்தது. அதன் விளைவாக அடுத்த ஆண்டு மியூசிக் அகாதமி பிறந்தது. 1930-இல் அதன் ஆய்விதழ் தொடங்கியது. 1932, 1933-ஆம் ஆண்டு இதழ்களில் ராகவன் இரண்டு நீண்ட கட்டுரைகள் எழுதினார். முதலாவது பழைய சங்கீத இலக்கியத்தில் வரும் ஆசிரியர்களைப் பற்றியது. அடுத்தது பிற்காலச் சங்கீத நூல்களைப் பற்றியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. சங்கீதத்தைப் பற்றி யார் யார் எழுதினார்கள், எந்த நூல் எங்கே சுவடியாக இருக்கிறது, எது பெயரளவில் மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று ஒரு வரைபடம் போட்டுத் தந்தார். பல நூல்கள் அச்சேறாத காலம் அது. ஒரு நூலின் பெயரைப் பழைய உரையாசிரியர் ஒருவர் போகிற போக்கில் சொல்லியிருப்பார். அதைப் பிடித்துக்கொண்டு நூலகம் நூலகமாகப் போக வேண்டும்.

அந்தப் போக்குதான் பின்னர் பெரிய திட்டமாக வளர்ந்தது. தியோடர் ஆஃப்ரெக்ட் என்ற ஜெர்மானிய அறிஞர் அதுவரை வெளிவந்த சுவடிப் பட்டியல்களை எல்லாம் திரட்டி 1891 முதல் 1903 வரை மூன்று பாகங்களாக ஒரு மகா பட்டியல் வெளியிட்டிருந்தார். அதன் பிறகு புதிதாக எத்தனையோ நூலகங்களின் பட்டியல்கள் வந்துவிட்டன. ஆகவே அதைப் புதிதாகச் செய்ய வேண்டும் என்று 1935-இல் சென்னைப் பல்கலைக்கழகம் முடிவெடுத்தது. குப்புசாமி சாஸ்திரி தொடங்கிவைத்த அந்த வேலை ராகவனின் வாழ்நாள் வேலையாயிற்று. முதல் தொகுதி 1949-இல் வந்தது. அகரத்தில் தொடங்கும் பெயர்களுக்கே ஒரு தொகுதி தேவைப்பட்டது என்றால் வேலையின் அளவு உங்களுக்குப் புரியும்.

அந்தத் தொகுதிகளில் ஒரு பக்கத்தை நிதானமாகப் பார்க்கும்படி இங்குள்ள மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நூலின் பெயர் இருக்கும். பிறகு ஆசிரியர், அவர் தந்தை, குரு. எந்த நூலகத்துப் பட்டியலில் எந்த எண். முழுமையா, குறையா. உரை உண்டா. அச்சாகியிருக்கிறதா. வேறு யார் எந்த நூலில் இதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எல்லாம் சுருக்கெழுத்து, வரிக்கு வரி எண்கள். படிக்கச் சுவையே இல்லாத பக்கம் என்று தோன்றும். ஆனால் தஞ்சையில் கிரந்த எழுத்தில் ஓர் ஓலை, திருவனந்தபுரத்தில் மலையாள எழுத்தில் ஓர் ஓலை, இரண்டுக்கும் வேறு வேறு தலைப்பு, உள்ளே ஒரே நூல் என்பது இப்படிப்பட்ட பக்கத்தில்தான் தெரியவரும். 1953-54-இல் ராகவன் ஐரோப்பிய நூலகங்களுக்குப் போனபோதும் இதே வேலைக்காகத்தான் போனார். அங்கே பட்டியலே போடப்படாமல் கிடந்த ஆயிரக்கணக்கான சமஸ்கிருதச் சுவடிகளைப் பார்த்துக் குறிப்பெடுத்து வந்தார்.

இந்த வகை உழைப்பு சங்கீதத்துக்கு எப்படிப் பயன்படுகிறது? சங்கீத சுதா என்ற நூல் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரின் பெயரில் இருக்கிறது. சதுர்தண்டி பிரகாசிகை எழுதிய வேங்கடமகியோ, அதை எழுதியவர் தம் தந்தை கோவிந்த தீட்சிதர் என்கிறார். இரண்டு நூல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதினேழாம் நூற்றாண்டுத் தஞ்சை அரண்மனையில் ராகங்களைப் பற்றி ஒரே குடும்பத்துக்குள் தலைமுறைக்குத் தலைமுறை என்ன மாறியது என்று தெரியும். சதுர்தண்டி பிரகாசிகையை அகாதமி 1934-இல் அச்சிட்டது. சங்கீத சுதாவை 1940-இல். கச்சேரி நடத்தும் ஒரு சபை சுவடிப் பதிப்பில் இறங்கியது. இன்று நமக்கு அது இயல்பாகத் தெரியலாம். கச்சேரியும் பதிப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று அந்தத் தலைமுறை பிடிவாதமாக இருந்ததால்தான் அது நடந்தது.

அகாதமியின் டிசம்பர் காலை நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். மாலைக் கச்சேரிகளின் புகழ் எல்லோரும் அறிந்தது. என் கணக்கில் ராகவனின் உண்மையான மேடை காலைதான். அங்கே வித்வான்கள் குழுவாக உட்கார்ந்து ராக லட்சணத்தை விவாதிப்பார்கள். ஒரு ராகத்தில் ஒரு ஸ்வரம் ஆரோகணத்தில் வருமா வராதா என்று கேள்வி எழும். ஒருவர் முத்துசாமி தீட்சிதர் கீர்த்தனையிலிருந்து ஒரு பிரயோகத்தைப் பாடிக் காட்டுவார். இன்னொருவர் தம் குரு பாடம் சொன்ன வழி வேறு என்பார். சாஸ்திரம் படித்தவர் நூலில் உள்ளதைச் சொல்வார். மூன்றும் பொருந்தாத நேரம் உண்டு. அப்போது என்ன முடிவெடுத்தார்கள், யார் ஒப்புக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அகாதமியின் ஆய்விதழில் பதிவாகியிருக்கிறது. அந்த இதழை நீண்ட காலம் பதிப்பித்தவர் ராகவன். பாட்டு காற்றோடு போய்விடும். பாட்டைப் பற்றிய வாதமும் போய்விடக்கூடாது என்று நினைத்த பதிப்பாசிரியர் அவர்.

சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் அச்சானது. முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகளுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது. ஆனால் தெலுங்கு படிக்கத் தெரியாத தமிழ்நாட்டுப் பாடகர்களுக்கு அது மூடிய பெட்டி. அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவரும் வேலையை அகாதமி 1961-இல் தொடங்கி, ஐந்து பாகங்களாக 1983-இல் முடித்தது. ராகவன் அதன் கடைசிப் பாகத்தைப் பார்க்கவில்லை. இன்று ஸ்வரக் குறிப்புகளோடு தமிழில் தீட்சிதரைப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அந்த வேலைக்குக் கடன்பட்டிருக்கிறார்.

இனி நான் மிகவும் விரும்பிப் பேச வந்த பகுதி: கூடியாட்டம்.

முப்பதுகளிலேயே ராகவன் பரதரின் அரங்கத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். உலகில் நடப்பதுபோலவே நடிக்கும் லோகதர்மி, அரங்கத்துக்கே உரிய மரபுகளால் நடிக்கும் நாட்டியதர்மி ஆகிய இரண்டையும் விளக்கிய கட்டுரை அந்தக் காலத்தது. ஆனால் எழுத்தில் விளக்கிவிட்டால் போதுமா? வில்லில்லாமல் அம்பு எய்வதையும், ஒரே நடிகர் ஒரே நொடியில் இரண்டு பாத்திரமாக மாறுவதையும் யார் செய்து காட்டுவது? காளிதாசன் நாடகங்கள் கல்லூரிப் பாடமாகி, இலக்கணக் குறிப்புகளோடு மனப்பாடம் செய்யப்பட்டுக்கொண்டிருந்தன. மேடையில் சமஸ்கிருத நாடகம் செத்துவிட்டது என்றே பலரும் நம்பினார்கள்.

கேரளக் கோயில்களில் அது சாகவில்லை. சாக்கியார்கள் கூத்தம்பலம் என்ற கோயில் அரங்கங்களில் தலைமுறை தலைமுறையாகக் கூடியாட்டம் என்ற பெயரில் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள். திருவனந்தபுரத்தில் த. கணபதி சாஸ்திரி பாசனுடைய நாடகங்கள் பதின்மூன்றைக் கண்டெடுத்து 1912 முதல் அச்சிட்டபோது அறிஞர் உலகம் வியந்தது. அதே நாடகங்களின் அங்கங்களைச் சாக்கியார்கள் தங்கள் ஆட்டப்பிரகார ஏடுகளை வைத்துக்கொண்டு காலங்காலமாக ஆடிவந்தார்கள். காஞ்சியில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனமும் அப்படித்தான் கேரளக் கோயில்களில் வேண்டுதல் கூத்தாக வாழ்ந்தது. எழுதப்பட்ட ஊரில் மறக்கப்பட்டது. தமிழர்களாகிய நாம் இதில் அன்னியர் அல்லர். சிலப்பதிகாரத்தில் செங்குட்டுவன் முன்னிலையில் கொட்டிச்சேதம் ஆடியவன் பறையூர்க் கூத்தச் சாக்கையன் என்பதை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

சமஸ்கிருத நாடகங்களை மேடையேற்றவென்றே ராகவன் 1958-இல் சம்ஸ்கிருத ரங்கம் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார். அதன் சார்பில் 1962-இல் மாணி மாதவ சாக்கியாரையும் அவர் குழுவையும் சென்னைக்கு அழைத்தார். கூடியாட்டம் கேரளத்துக்கு வெளியே ஆடப்பட்டது அதுவே முதல் தடவை. மூன்று இரவுகள், பாசனின் அபிஷேகம், குலசேகர வர்மனின் சுபத்ரா தனஞ்சயம், ஹர்ஷனின் நாகானந்தம் ஆகியவற்றிலிருந்து பகுதிகள்.

மூன்று இரவுகள் என்பதற்குள் எவ்வளவு யோசனை இருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள். கூடியாட்டத்தில் முழு நாடகத்தையும் ஒரே மூச்சில் ஆடும் வழக்கம் கிடையாது. ஓர் அங்கத்தை எடுத்துப் பல இரவுகள் ஆடுவார்கள். ஒரு பாத்திரம் மேடைக்கு வந்ததும் தன் கதையைப் பின்னோக்கி அபிநயித்துக் காட்டும் நிர்வகணமே நாள்கணக்கில் போகும். குத்துவிளக்கில் மூன்று திரிகள். இரண்டு நடிகரை நோக்கி, ஒன்று பார்வையாளர்களை நோக்கி. பின்னால் நம்பியார் வாசிக்கும் மிழாவு, பெரிய செம்புக்குடத்தின் வாயில் தோல் கட்டிய வாத்தியம். பக்கத்தில் நங்கியார் குழித்தாளத்தோடு. அந்த விளக்கொளிக்கு எதிரே சாக்கியாரின் கண்கள் மட்டும் அசைந்து மலையையும் ஆற்றையும் காட்ட வேண்டும். கூத்தம்பலத்தின் அளவுக்கும் கோயில் வழக்கத்துக்கும் பழகிய கலை இது. இதைச் சென்னை மேடைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் எந்தப் பகுதியை எடுப்பது, எவ்வளவு சுருக்குவது, சபையினருக்கு முன்கூட்டி எதை விளக்குவது என்பதையெல்லாம் தெரிந்த ஒருவர் அழைத்தாக வேண்டும். பணமும் அரங்கமும் மட்டும் உள்ள ஒரு செயலாளர் அழைத்திருந்தால் அது ஒரு காட்சிப்பொருளாக வந்து போயிருக்கும்.

இதன் பெருமையை ராகவனுக்கு மட்டும் கொடுத்துவிடக்கூடாது. சாக்கியார்களே கோயில் மதிலுக்கு வெளியே கால் வைக்கத் துணிந்தவர்கள். பைங்குளம் ராம சாக்கியாரும் மாணி மாதவ சாக்கியாரும் தங்கள் சமூகத்துக்குள் எதிர்ப்பைச் சந்தித்து அந்த அடியை எடுத்துவைத்தார்கள். 1965-இல் கேரள கலாமண்டலத்தில் கூடியாட்டம் பாடமானது. 2001-இல் யுனெஸ்கோ அதை மானுடத்தின் வாய்மொழி மரபுச் செல்வமாக அறிவித்தது. அந்தப் பாதையில் சென்னையின் மூன்று இரவுகள் ஒரு முக்கியமான படி. துறை வல்லுநர் ஒருவர் உரிய நேரத்தில் உரிய கடிதத்தை எழுதியதால் ஏறிய படி.

சுவடியிலிருந்து மேடைக்குப் போன இன்னொரு பாதையையும் சொல்லிவிடுகிறேன். காகதீய மன்னர் கணபதிதேவரின் யானைப்படைத் தலைவர் ஜாய சேனாபதி பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய நிருத்த ரத்னாவளியை ராகவன் 1965-இல் பதிப்பித்தார். மக்களிடையே வழங்கிய தேசி ஆடல்களைப் பற்றி விரிவாகச் சொல்லும் நூல் அது. ஆந்திரத்தில் நடராஜ ராமகிருஷ்ணா அந்த நூலையும் ராமப்பா கோயில் சிற்பங்களையும் துணைக்கொண்டு பேரிணி ஆடலை மீட்டெடுத்தார். எந்த அளவுக்கு அது பழைய பேரிணி என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் கேட்பதற்கு நம் கையில் ஒரு நூல் இருக்கிறது.

பாலசரஸ்வதிக்கும் ராகவனுக்கும் இருந்த உறவைப் பற்றி ஒரே ஒரு செய்தி. 1959-இல் தமிழில் ‘பரதநாட்டியம்’ என்ற நூல் வெளிவந்தது. ஆசிரியர்கள் இருவர்: டி. பாலசரஸ்வதி, வே. ராகவன். வீணை தனம்மாளின் பேத்தி, தஞ்சை நால்வர் வழிவந்த கந்தப்ப பிள்ளையின் மாணவி, பரம்பரைக் கலைஞர் ஒருவர். பல்கலைக்கழகத் துறைத் தலைவர் ஒருவர். அந்தக் காலத்துப் படிப்பாளிகள் பலர் பரம்பரைக் கலைஞரிடம் தகவல் கேட்டுக்கொண்டு தங்கள் பெயரில் எழுதினார்கள். இங்கே அட்டையில் இரு பெயரும் சேர்ந்து வருகின்றன. பாலாவின் நாட்டியப் பள்ளி 1953 முதல் அகாதமியின் ஆதரவில் நடந்தது. 1973-இல் அவருக்கு சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. நாட்டியக் கலைஞர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. அப்போதும் செயலாளர் மேசையில் ராகவன் இருந்தார்.

அவர் மேல் எனக்குள்ள மதிப்பு இவ்வளவு பெரியதாக இருப்பதால், வருத்தங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழிசை இயக்கம் எழுந்த நாற்பதுகளின் தொடக்கத்தில் அகாதமி எதிர் அணியில் நின்றது. ராகவன் செயலாளரானது அந்தச் சூடு ஆறாத 1944-இல். கச்சேரியில் தமிழ்ப் பாட்டு துக்கடாவாக மட்டும் இருக்கலாகாது என்ற கோரிக்கையில் நியாயம் இருந்தது. அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டிருந்தால் இரண்டு மேடைகள் முகம் பாராமல் நிற்க நேர்ந்திருக்காது. அடுத்தது, காலை அமர்வுகளின் பதிவு பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. ஆங்கிலம் படிக்காத வித்வான்கள் பலர், தாங்கள் பேசியதே இதழில் வந்திருப்பதைத் தாங்களே படிக்க முடியாமல் போயிற்று. மூன்றாவதும் பெரியதும்: பின்னர் பரதநாட்டியம் என்று பெயர் பெற்ற சதிர் மேடையேறிக் கௌரவம் பெற்ற அதே ஆண்டுகளில், அதைக் காத்துவந்த குடும்பங்களின் பெண்கள் மேடையிலிருந்து விலகிப்போனார்கள். பாலாவைப் போன்ற மேதை நிலைத்து நின்றார். மற்றவர்களுக்கு அன்றைய சபைகள் எதுவும் போதிய அளவு செய்யவில்லை. சாஸ்திரத்தில் இடம் தேடித் தருவதும் வாழ்வில் இடம் தேடித் தருவதும் ஒன்றல்ல.

ஆனாலும் ராகவனிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அவருடைய முறை. அதற்கு அவருடைய வாழ்நாள் நூலே சான்று. தாரா நகரத்துப் போஜன் பதினோராம் நூற்றாண்டில் எழுதிய சிருங்காரப் பிரகாசம் முப்பத்தாறு அத்தியாயங்கள் கொண்ட பெருநூல். அதைப் பற்றித்தான் ராகவனின் டாக்டர் பட்ட ஆய்வு. விரிந்த ஆய்வுநூல் 1963-இல் முழுமையாக வந்தது. மூலத்தின் பதிப்பு அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 1998-இல் ஹார்வர்டு கீழ்த்திசை வரிசையில் வெளிவரத் தொடங்கியது. போஜன் தன் காலத்தில் கிடைத்த நாடகங்களிலிருந்து ஏராளமாக மேற்கோள் காட்டுகிறான். அவற்றில் பல இன்று இல்லை. ராகவன் அந்த மேற்கோள்களையும் பிற நூல்களில் சிதறியவற்றையும் பொறுக்கிச் சேர்த்து, தொலைந்துபோன ராம நாடகங்களைப் பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உரைகள் நிகழ்த்தினார். அவை 1961-இல் நூலாயின. யசோவர்மனின் ராமாப்யுதயம், க்ருத்யா ராவணம், சலித ராமம் முதலிய நாடகங்கள் முழுதாகக் கிடைக்காவிட்டாலும், எந்த அங்கத்தில் என்ன காட்சி இருந்தது என்று ஓரளவு சொல்ல முடிகிறது. இல்லாத நூலுக்கும் பட்டியலில் ஓர் இடம் வைத்தவர் அவர்.

அந்த முறையைத் தமிழ் அரங்குக்குப் பயன்படுத்தும்படி இந்தப் பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். நட்டுவனார் வீடுகளில் ஜதியும் சொற்கட்டும் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. தெருக்கூத்து வாத்தியார்களிடம் கையெழுத்துக் கூத்துப் பிரதிகள், பல இடங்களில் கூட்டியும் குறைத்தும் எழுதப்பட்டவை, பெட்டியில் இருக்கின்றன. நாகஸ்வரக் குடும்பங்களில் மல்லாரிக் குறிப்புகள் இருக்கின்றன. மேலட்டூர் போன்ற பாகவத மேளா ஊர்களில் நாடகப் பிரதிகள் இருக்கின்றன. எது எந்த வீட்டில், யார் கையெழுத்தில், எந்த ஆண்டு, எத்தனை பக்கம், எந்தப் பிரதியோடு ஒத்துப்போகிறது என்று ஒரு பட்டியல் வேண்டும். நோட்டுப் புத்தகத்தை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வரத் தேவையில்லை. அங்கேயே படமெடுத்து, உரியவர் பெயரைப் பட்டியலில் முதலில் போட்டு, ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுக்கலாம். தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து தொடங்கலாம். இசைத்துறை, நாடகத்துறை, தமிழ்த்துறை மூன்றும் ஆளுக்கு இரண்டு ஆய்வு மாணவர்களைக் கொடுத்தால் போதும். இந்த அறக்கட்டளையின் ஓராண்டு வட்டியில் முதல் மாவட்டத்தின் பயணச் செலவைத் தர இயலுமா என்று நிறுவிய குடும்பத்தாரிடம் இன்று காலை கேட்டேன். பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். துறைத் தலைவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் உட்கார்ந்து பேசலாம்.